மலைப்பாம்பு சோம்பேறி இல்லை!

விடுமுறை நாள் மத்தியானம். வடை பாயசத்தோடு சாப்பாடு கொஞ்சம் பலமாகவே முடிந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்த மனிதர் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே சாய்ந்தவர்தான். கூப்பிட்டால் பதில் இல்லை, காலிங்பெல் அடித்தால்கூட ஏன் என்று கேட்பதில்லை. "மலைப்பாம்பு மாதிரி முழுங்கிட்டுப் படுத்திருக்கிறதைப் பாரு!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் போகும். எந்த வீட்டில் இது இல்லை, சொல்லுங்கள்?

மனிதரைத் திட்டுவது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நடுவிலே அந்த மலைப்பாம்பை இழுக்கிறோமே, அதுதான் நியாயமில்லை. இரையை விழுங்கிவிட்டு அசையாமல் சுருண்டு கிடக்கிறதே, அந்தச் சமயத்தில்தான் அதன் இருதயம் நாள்கணக்கில் ஓயாமல் வேகவேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது!

பாம்பின் இருதயத்தைப் பற்றி நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. எனக்கு இருதயக் கோளாறா?" என்று கேட்கிறார்கள். இதற்கு மனித உடம்பை வைத்து விளக்கம் சொல்வது சற்றுச் சிரமம். நாம் ஒரு வேளை உணவு ஜீரணமாவதற்குள் அடுத்த வேளைக்கு உட்கார்ந்துவிடுகிறோம். நடுவில் காபி வேறு. சாப்பிட்ட கையோடு பாத்திரம் தேய்க்கிறோம், மாடிக்குத் துணி எடுக்க ஓடுகிறோம். நெஞ்சு அடித்துக்கொள்வது சாப்பாட்டாலா, காபியாலா, மாடிப்படியாலா, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை இன்னும் வரவில்லையே என்ற கவலையாலா? யார் பிரித்துச் சொல்ல முடியும்!

பாம்புக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பெரிய பாம்புகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். அப்புறம் ஒரே வேளையாக வயிறு புடைக்க விழுங்கிவிட்டு ஒரு மூலையில் கிடந்துவிடும். அதனால் சாப்பாடு மட்டும் இருதயத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கலப்படமில்லாமல் பார்க்க முடிந்தது.

தென் அமெரிக்காவில் போவா என்று ஒரு பாம்பு. நம் மலைப்பாம்பைப் போலவே இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். ஆனால் முட்டையிடாமல் குட்டி போடும். அந்தப் பாம்புகளின் தமனியில் மெல்லிய குழாய் பொருத்தி, ரத்த அழுத்தத்தையும் இருதயத் துடிப்பையும் கணக்கெடுத்தார்கள் டோபியாஸ் வாங், எட்வின் டெய்லர், டெனிஸ் அந்த்ராடே, அகஸ்டோ ஆபே என்ற நான்கு பேர். 2001-இல் அதை வெளியிட்டார்கள். பாம்புக்குக் கொடுத்த சாப்பாடு எவ்வளவு தெரியுமா? அதன் எடையில் நூற்றுக்கு 30 பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஒரே பந்தியில் 18 கிலோ சாப்பிட்டு எழுந்த மாதிரி!

வெறும் வயிற்றோடு ஓய்வாகக் கிடந்தபோது அந்தப் பாம்புகளின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 26 தடவை அடித்தது. சீண்டிச் சீண்டி ஓட வைத்தபோது 61. இரை எடுத்து ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து, துளிகூட நகராமல் கிடந்தபோது 48. அதாவது, படுத்த படுக்கையிலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கு. "ஓடவும் இல்லை, ஆடவும் இல்லை, ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?" என்று நம் வாசகி கேட்கிறாரே, அதே கேள்விதான்.

அவர்கள் அதோடு விடவில்லை. இருதயத்துக்கு மூளையிலிருந்து இரண்டு விதமான நரம்புக் கட்டளைகள் போகின்றன. ஒன்று கடிவாளம் மாதிரி, வேகத்தை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று சவுக்கு மாதிரி, விரட்டும். நமக்கும் அப்படித்தான். பட்டினிப் பாம்பில் கடிவாளம் நன்றாக இறுகியிருந்தது. இரை எடுத்த பிறகு அது ஏறக்குறைய முழுவதுமாகத் தளர்ந்துவிட்டது. சரி, காரணம் அதுதானா? மருந்து கொடுத்துக் கடிவாளத்தையும் சவுக்கையும் ஒரே சமயத்தில் செயலிழக்கச் செய்து, இருதயத்தைத் தன்னிச்சையாக அடிக்க விட்டார்கள். பட்டினிப் பாம்புக்கு 36 வந்தது. அந்த நிலையில் பாம்பைச் சீண்டி விரட்டினாலும் இருதயம் 37, 38-க்கு மேல் போகவில்லை. ஓட்டத்தின்போது இருதயத்தை விரட்டுவது நரம்புகள்தான் என்று அதில் தெளிவாகிவிட்டது. ஆனால் ஜீரணம் நடந்துகொண்டிருந்த பாம்புக்கோ, இரண்டு நரம்புகளும் வாயடைத்துப் போன பிறகும் 47!

நரம்பு சொல்லாமல் வேறு யார் சொன்னார்கள்? ரத்தத்தோடு ரத்தமாக ஏதோ ஒரு பொருள் வந்து இருதயத்தை விரட்டுகிறது, அது அநேகமாகக் குடலிலிருந்து கிளம்பி வருகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். பின்னால் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் வாங்கும் அவருடைய குழுவினரும் மலைப்பாம்புகளை வைத்துத் தேடியபோது அதில் ஒரு ஆசாமி பிடிபட்டான். ஹிஸ்டமின்! உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கும்போதும், அடுக்குத் தும்மலின்போதும் மாத்திரை போட்டு அடக்குகிறோமே, அதே ஹிஸ்டமின்தான். ஜீரணத்தின் முதல் நாளில் இருதயத்தைத் தூண்டுவதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கடுத்த நாட்களில் இல்லை என்று 2012-இல் எழுதினார்கள். மாமியார் அடுப்பு மூட்டிக் கொடுக்க, மருமகள் வந்து சமையலை முடிப்பது போலே, வேறு ஏதோ வந்து வேலையை ஏற்றுக்கொள்கிறது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டுச் சமையலறையையும் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டையும் நினைத்துப் பாருங்கள். நம்முடையது தினமும் நடப்பது. அடுப்பு ஆறினாலும் அரை மணியில் மறுபடி ஏற்றிவிடுவோம். மண்டபத்தில் முகூர்த்த நாள் இல்லையென்றால் எல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கும். முகூர்த்தம் வந்தாலோ கோட்டை அடுப்பு, அண்டா, விறகு, பத்து ஆள் என்று ஒரே இரவில் அமளிதுமளிப்படும். மலைப்பாம்பின் வயிறு அந்த மண்டபம்தான். பட்டினிக் காலத்தில் இரைப்பையில் அமிலம் சுரப்பதே இல்லை. நமக்கு அமிலம் இல்லாத வேளை உண்டா! சிறுகுடல் சுருங்கிக் கிடக்கும். இரை உள்ளே போன பிறகுதான் அமிலம் பெருகி, எலும்பு முதற்கொண்டு கரைக்கிற அளவுக்கு ஏறும். சிறுகுடல் ஓரிரு நாளில் எடையில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கலிபோர்னியாவில் ஸ்டீபன் சீக்கரும் ஜாரெட் டயமண்டும் 1990-களில் பர்மிய மலைப்பாம்பை வைத்து இதையெல்லாம் அளந்தார்கள். மிகப் பெரிய இரையானால் அதன் உடம்பு பிராணவாயுவைச் செலவழிக்கும் வேகம் ஓய்வில் இருந்ததைப்போல் 44 மடங்குவரை ஏறுகிறதாம். பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது எட்டுகிற கணக்கு அது. குதிரைக்கு அந்த ஓட்டம் சில நிமிஷம். பாம்புக்கு, படுத்தபடியே, பல நாள். இத்தனை வேலைக்கும் பிராணவாயுவைச் சுமந்து போவது ரத்தம், ரத்தத்தைத் தள்ளுவது இருதயம். அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும் பாவம்!

இருதயமே பெரிதாகிறது என்றும் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. பர்மிய மலைப்பாம்பு சாப்பிட்ட இரண்டு நாளில் அதன் இருதயத்தின் கீழறை எடையில் நூற்றுக்கு 40 பங்கு கூடியது என்று 2005-இல் எழுதினார்கள். பிற்பாடு வேறு சிலர் எடை போட்டுப் பார்த்தபோது எல்லாப் பாம்பிலும் அப்படி வளரவில்லை. துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் அதிகமாக நிரம்பி, அதிகமாக வெளியேறுவதே போதும் என்கிறார்கள் அவர்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. 2011-இல் கொலராடோவில் லெஸ்லி லீன்வாண்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னொரு வேடிக்கை பார்த்தார்கள். இரை எடுத்த மலைப்பாம்பின் ரத்தத்தில் கொழுப்பு ஏராளமாக ஏறி, ரத்தத்தின் நீர்ப்பகுதி பால் கலந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆனாலும் இருதயத்தில் கொழுப்பு படியவில்லை. அதிலிருந்த மூன்று கொழுப்பு அமிலங்களைச் சரியான விகிதத்தில் கலந்து எலிகளுக்குச் செலுத்தினால், எலியின் இருதயமும் ஆரோக்கியமான முறையில் வளர்ந்தது. உடனே சாம்பார் சாதத்தில் இன்னொரு கரண்டி நெய்யை விட்டுவிடாதீர்கள்! அது பாம்புக்கு. மாதம் ஒரு தடவை சாப்பிடுகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இந்த இடத்தில் நம் ஊர் மலைப்பாம்புக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலும் மலைப்பாம்பு உண்டு. மலையடிவாரத்துக் கிராமங்களில் சில சமயம் ஆட்டை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடக்கும். ஊரே கூடிவிடும். வாலைப் பிடித்து இழுப்பதும், குச்சியால் குத்துவதும், குழந்தையைத் தூக்கிப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பதும்... வேண்டாம் அம்மா! அதன் உடம்பு அப்போது இருக்கிற நிலையை இப்போது தெரிந்துகொண்டோம். மிரட்டினால் விழுங்கியதை அப்படியே கக்கிவிடும். அது வரை செலவழித்த சக்தியெல்லாம் வீண். வெயில் சூடு கிடைக்காமல் போனாலும் ஜீரணம் தடைப்பட்டு வயிற்றிலேயே இரை அழுகும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. அடிப்பதும் பிடிப்பதும் குற்றம். கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லியனுப்புவதுதான் முறை. பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை வெடவெடவென்று நடுக்கிச் சூடு உண்டாக்கி, இரண்டு மாதம்போல் சாப்பாடில்லாமல் அடைகாக்கும். இதையும் சோம்பேறி என்கிறோம், பாருங்கள்.

இனி நம் சங்கதி. நமக்கும் சாப்பிட்டவுடன் குடலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கு அளவுக்குப் பெருகுகிறது. அதை ஈடுகட்ட இருதயம் கொஞ்சம் வேகம் எடுக்கிறது. ஆனால் நாம் தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள். குடல் எப்போதும் தயார் நிலையில் இருக்கிறது. அதனால் பாம்பைப் போல் இரட்டிப்பாகாது. நிமிஷத்துக்கு ஒரு சில துடிப்புகள், பலத்த விருந்தானால் பத்துப் பன்னிரண்டு கூடலாம், அவ்வளவுதான். வீட்டிலேயே பார்த்துவிடலாமே! மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. வினாடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்டு அரை மணி உட்கார்ந்த பிறகு ஒரு தடவை. பெரியவர்களுக்கு ஓய்வில் 60-இலிருந்து 100 வரை சாதாரணம். கர்ப்பிணிகளுக்கு எப்போதுமே பத்து, இருபது கூடுதலாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டி நிற்கிறது, தாளம் தப்பித் தப்பி அடிக்கிறது, கண்ணை இருட்டுகிறது என்றால் டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டும். நம்மில் பலருக்கு இந்தப் படபடப்புக்குப் பின்னால் இருப்பது ரத்தசோகையோ தைராய்டோதான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பால் குடிப்பதுதான் கைக்குழந்தைக்குப் பெரிய உடலுழைப்பு. நாம் மாடி ஏறுவதற்குச் சமம். அதன் இருதயம் இயல்பாகவே நிமிஷத்துக்கு 120, 140 என்று அடிக்கும். அது கணக்கில்லை. ஆனால் பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்துக் கொட்டுகிறது, நாலு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துகிறது, களைத்துத் தூங்கிவிடுகிறது, எடையும் ஏறவில்லை என்றால், "பிள்ளை சோம்பேறி, அப்பா மாதிரி" என்று சிரித்துவிட்டு இருக்காதீர்கள். பிறவியிலேயே இருதயத்தில் குறை இருந்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான், மார்பில் வாய் வைக்கும்போதுதான். குழந்தை மருத்துவரிடம் இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். இருதயத்தைச் சோதித்துப் பார்ப்பார். நேரத்தோடு கண்டுபிடித்தால் இன்றைக்குப் பெரும்பாலான குறைகளைச் சரிசெய்துவிட முடிகிறது.

அடுத்தது, நாற்பதைத் தாண்டிய நம்மைப் பற்றி. சாப்பிட்டு எழுந்து நாலு அடி நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, தாடையிலோ தோளிலோ இழுக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. என்ன சொல்லிக்கொள்கிறோம்? "வாயு! உருளைக்கிழங்கு ஒத்துக்கலே." இஞ்சிச் சாறு, பெருங்காயம், சோடா... இருதயத்தின் சொந்த ரத்தக்குழாய் அடைபட்டுக் குறுகியிருந்தால், வெறும் வயிற்றில் சமாளிக்கும் இருதயம் சாப்பாட்டுக்குப் பிறகு திண்டாடும். ஜீரண வேலையோடு நடையும் சேர்ந்துகொள்கிறதல்லவா! வீட்டு ஆண்களுக்கு இப்படி வந்தால் உடனே ஆட்டோ கூப்பிடுகிறோம். நமக்கு வந்தால் ஓமத் தண்ணீர். சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதில் தாமதமே செய்யக்கூடாது. வலி உட்கார்ந்தும் தீரவில்லை, வியர்வையும் மூச்சு முட்டலும் சேர்ந்து வருகிறது என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிதான்.

பாம்பின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இருதயம் வேகமெடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதை வயதானவர்களிடம் பார்க்கலாம். குடலுக்கு ரத்தம் பாய்கிறது, ஆனால் வயதினாலோ, சர்க்கரை நோயினாலோ, பார்க்கின்சன் நோயினாலோ நரம்புகள் மந்தமாகி இருதயத்துக்குச் சரியாகச் சேதி போவதில்லை. ரத்தக்குழாய்களும் இறுகிக் கொடுப்பதில்லை. அதனால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கிவிடுகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மேல் எண் 20-க்குமேல் குறைந்தால் அதை ஒரு தனிக் கோளாறாகவே டாக்டர்கள் கணக்கெடுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்த மாமனார் வாசற்படியில் தடுமாறுவதும், கொல்லைப்பக்கம் போன பாட்டி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதும் சில வீடுகளில் இதனால்தான். நாம் என்னவோ "உண்ட மயக்கம்" என்று விட்டுவிடுகிறோம்!

பெரிய வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு ஒரே வேளையில் தட்டு நிறையப் போடாமல், அதையே பிரித்து ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். சோறும் இனிப்பும்தான் அழுத்தத்தை அதிகமாக இறக்கும். அவற்றைக் குறைத்து, கூட்டு, பருப்பு, மோர் என்று கூட்டலாம். தண்ணீர் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது சாய்வு நாற்காலியில் உட்காரட்டும். அப்புறம் எழுந்தால்கூட மெதுவாக, ஒரு கை பிடித்துக்கொண்டு. ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுகிறவர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அதை மட்டும் நாமாகச் செய்யக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கிற சின்ன இயந்திரம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. காலையில் ஒரு தடவை பார்த்து வைத்துவிட்டு "நார்மல்" என்று மூடிவிடுகிறோம். மூன்று நாளைக்கு மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, உட்கார்ந்த நிலையில் எடுத்து, நாடித் துடிப்பையும் சேர்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.